கடைமடை டாக்டரைப் பற்றி விசாரிக்கப் போனேன்

வாழ்நாளில் பாதியைப் பேருந்து ஓட்டியே கழித்தவனைப் பயணியாக உட்கார வைப்பது பெரிய தண்டனை. தஞ்சாவூரில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து என் வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடித் தேடி மிதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர் எனக்கு வாதம் என்று நினைத்திருக்க வேண்டும், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

தை பிறந்து அறுவடை ஆரம்பித்திருந்தது. சாலையில் பாதியை அறுவடை இயந்திரங்கள் அடைத்துக்கொள்ள, மீதிப் பாதியில் நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். சிங்கப்பூரில் என் பேருந்துக்கு முன்னால் யாராவது ஒரு குடையை விரித்து வைத்தாலே மேலதிகாரிக்குத் தகவல் போயிருக்கும். இங்கே ஓட்டுநர் நெல்லின் ஓரத்தை ஒரு மணிகூட நசுக்காமல் உரசிக்கொண்டு போனார். குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இறங்கும்போது, நல்லா ஓட்டுறீங்க என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஹாரன் அடித்தார்.

நான் வந்தது என் அக்காவுக்காக. அவள் மகன் குமரனுக்குப் பெண் தேடுகிறார்கள். கல்யாண இணையதளத்தில் ஒரு டாக்டர் பெண், பெயர் தமிழரசி. சொந்த ஊர் கீழ்வேளூர்ப் பக்கம், வேலை பேராவூரணிப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில். வெளிநாடு வரத் தயார் என்று போட்டிருந்தது. அக்காவுக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துவிட்டது. ஓய்வு பெற்றுச் சும்மாதானே இருக்கிறாய், போய் அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு வா, பெண்ணுக்குத் தெரியக் கூடாது என்று உத்தரவு போட்டாள். நம்மவர்கள் கல்யாண விஷயத்தில் ஜாதகத்தைவிட டீக்கடையைத்தான் அதிகம் நம்புவார்கள். அப்பா காலத்தோடு ஊர்த் தொடர்பு அறுந்துபோன எங்கள் குடும்பத்திலும் அந்தப் பழக்கம் மட்டும் கடல் தாண்டி வந்து பத்திரமாக இருக்கிறது.

அந்தக் கிராமத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. காரணம் போகப் போகத் தெரியும்.

முதல் நாள் தஞ்சாவூரில் சாப்பிட்டதைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். இட்லிக்குக் கடப்பா என்று ஒன்று ஊற்றினார்கள். பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய், சோம்பு வாசனை. சாம்பாரும் இல்லை, குருமாவும் இல்லை. இட்லி தீர்ந்தால் கடப்பா மிஞ்சியது, கடப்பா தீர்ந்தால் இட்லி மிஞ்சியது. இரண்டையும் சமன் செய்வதற்குள் பெல்ட்டைத் தளர்த்த வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு அசோகா அல்வா ஒரு பொட்டலம். எனக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை விடுதி அறையில் பெட்டிக்குள் இருந்தது.

மறுநாள் காலை பேராவூரணியிலிருந்து ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் பெயர் ரமேஷ். தென்னந்தோப்பும் வயலும் மாறி மாறி வந்தன. எந்த வீட்டுக்குங்க என்றார். ஆஸ்பத்திரிப் பக்கம், டாக்டரைப் பற்றிக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும் என்றேன். ஆட்டோவின் வேகம் சட்டென்று குறைந்தது.

"பொண்ணு பார்க்குற விஷயமாங்க?" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். பெருமூச்சு விட்டார். டாக்டரம்மா பெரிய கோபக்காரர் என்றார். ஊசியைக் கையில் எடுத்துவிட்டால் எதிரில் நிற்க முடியாதாம். கம்பவுண்டர் ஒருவர் அவர் கத்திய கத்தலில் வேலையை விட்டே ஓடிவிட்டாராம்.

ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு பெண்மணி சாலையில் நெல்லைக் காலால் தள்ளித் துழாவிக்கொண்டிருந்தார். பெயர் மல்லிகா. டாக்டர் எப்படி என்று பட்டும் படாமலும் கேட்டேன். அவர் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தம்மா யாரோடும் ஒட்ட மாட்டார், எங்கள் வீட்டுப் பச்சைத் தண்ணீரைக்கூடத் தொட மாட்டார், வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேச மாட்டார் என்றார். கத்தலுக்கும் பேசாமல் இருப்பதற்கும் எப்படிப் பொருந்தும் என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

கடைசியாக டீக்கடை. ஜமால் பாய் என்று அறுபதை ஒட்டிய மனிதர் நடத்துகிறார். அரிசிமாவு வடையின் தலையில் ஒரு இறாலைப் பதித்துப் பொரித்த வாடா அவர் கடையில் கிடைக்கும். சூடாக ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்ததற்குச் சொல்லி வைக்க வேண்டும், அப்படி ஒரு ருசி. சிங்கப்பூர் என்றதும் பாய் உற்சாகமாகிவிட்டார். தம்பி, மச்சான், மச்சானின் மருமகன் என்று அங்கே அவருக்குப் பாதி ஊர் இருக்கிறது. ஆனால் வந்த காரணத்தைச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. குரலைத் தாழ்த்தி, அந்தப் பிள்ளைக்கு உடம்புக்கு முடிவதில்லை, கண் பார்வை மங்கல், டாக்டருக்கே அடிக்கடி டாக்டர் தேவைப்படுகிறது, பாவம் என்றார். இரண்டாவது வாடாவுக்கு அவர் காசு வாங்கவில்லை.

சாயங்காலம் அக்காவுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கோபக்காரி, ஊமைக்கோட்டான், நோயாளி. நல்லவேளை போய்க் கேட்டாய், இதோடு விட்டுவிடு என்றாள் அக்கா. எனக்கும் வேலை சுலபமாக முடிந்ததில் நிம்மதி. மறுநாள் கடற்கரைக்குப் போய் மீன் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கடற்கரைக்குப் போகிற சாலை அதே ஊர் வழியாகத்தான் போகிறது. அதே ரமேஷ், அதே ஆட்டோ. மல்லிகாவின் நெல்லைத் தாண்டும்போது எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் வந்தது. நானாக இருந்தால் நின்றிருப்பேன். ரமேஷ் நெல்லையும் மிதிக்காமல் டிராக்டரையும் இடிக்காமல் நடுவில் ஒரு வழி இருப்பதாக நம்பினார். அந்த வழி வாய்க்காலில் போய் முடிந்தது. ஆட்டோ மெதுவாக, மரியாதையாக ஒருக்களித்துப் படுத்தது. வாய்க்காலில் முழங்கால் அளவுதான் தண்ணீர். ஆனால் ஏதோ கம்பி கிழித்து என் கெண்டைக்காலிலிருந்து ரத்தம் கொட்டியது. நாலு பேர் ஓடி வந்து என்னைத் தூக்கி வேறொரு வண்டியில் போட்டார்கள். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்கவே தேவையில்லை.

சிங்கப்பூர் அரசு மருத்துவமனையில் எண் வாங்கி, திரையில் அது மின்னும்வரை காத்திருந்து, ஒவ்வொரு தடவையும் ஒரு புது டாக்டரிடம் போய் நிற்பேன். அவர் என்னைப் பார்க்குமுன் கணினியைப் பார்ப்பார், என் வரலாறு முழுக்க அதில் இருக்கும். இங்கே என் வரலாறு ஒன்றும் இல்லை. டாக்டர் தமிழரசி என் முகத்தைத்தான் பார்த்தார். நடுத்தர உயரம், பருத்திப் புடவைமேல் வெள்ளைக் கோட்டு, தலையில் காலையில் யாரோ கொடுத்த கனகாம்பரம். காயத்தைக் கழுவிக்கொண்டே, ஐயாவுக்கு எந்த ஊர், சர்க்கரை உண்டா, இரண்டு மூன்று நாளாக என்ன சாப்பிட்டீர்கள் என்று மெல்லிய குரலில் கேட்டார். அசோகா அல்வாவை மறைக்க முயன்றேன். அவர் சிரித்துவிட்டு, "பரவால்லைங்க, சொல்லிடுங்க. ரத்தத்துல தெரிஞ்சிடும்" என்றார்.

கண் மங்கலான அந்த டாக்டர் ஊசியில் நூலை ஒரே தடவையில் கோத்தார். தையல் போடும்போது வெளியே ஒரு கிழவர் தன்னை முதலில் பார்க்கவில்லை என்று கூச்சல் போட்டார். அந்தக் கோபக்காரர் தலையை மட்டும் வெளியே நீட்டி, தாத்தா, உங்க இருமலுக்கு நீங்க இப்படிக் கத்தக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தார். கிழவர் அடங்கிப்போனார். வரிசையில் நின்ற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு கர்ப்பிணியிடம் அவள் மாமியாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதை விளையாட்டும் கண்டிப்புமாகச் சொன்னார். வாயைத் திறக்காத பெண் என்று எனக்குச் சொன்னார்களே, அவர் பேச்சை அந்தக் காலையில் நான் கேட்டுக்கொண்டே இருந்திருப்பேன்.

அப்போதுதான் மல்லிகா உள்ளே வந்தார். கையில் தூக்குவாளி. "டாக்டரம்மா, நண்டுக் குழம்பு, ஆறிடுறதுக்குள்ள..." என்று ஆரம்பித்தவர் கட்டிலில் கிடந்த என்னைப் பார்த்தார். தூக்குவாளியை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தார். நண்டுக் குழம்பின் வாசனையை முந்தானைக்குள் மறைக்க முடியுமா? டாக்டர் வாளியை வாங்கி, மூடியைத் திறந்து, அங்கேயே ஒரு விரலால் தொட்டு ருசி பார்த்தார். மல்லிகா என் பக்கம் திரும்பாமல் போய்விட்டார்.

கட்டுப் போட்ட காலோடு நேராக டீக்கடைக்குத்தான் போனேன். ஜமால் பாய் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், டீ ஆற்றினார். பெஞ்சில் ரமேஷும் ஈரம் காயாமல் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் சேர்ந்து பொய் சொல்லியிருக்கிறீர்கள் என்றேன். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்திருந்தது.

"சேர்ந்து சொல்லலைங்க" என்றார் பாய். "அவங்கவங்களா சொன்னோம்."

பிறகு மெல்ல மெல்ல எல்லாம் வந்தது. இது கடைமடை. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் எல்லா ஊருக்கும் பாய்ந்து மீந்தது கடைசியாக இங்கே வரும், சில வருஷம் வராமலே நின்றுவிடும். டாக்டர்களும் அப்படித்தான் வந்தார்களாம். ஒருவர் தஞ்சாவூரிலிருந்து காரில் வந்து வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார். ஒருவர் நல்ல மனிதர், கண் வைத்தியம் படிக்க இடம் கிடைத்ததும் போய்விட்டார். அவரை மேற்கொண்டு படிக்க வைத்ததும் அரசாங்கம்தான், படித்து முடித்ததும் பெரிய ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டார்கள். கிராமத்தில் வேலை பார்த்ததற்குப் பரிசாகப் படிப்பு, படித்ததும் கிராமத்துக்கு அவர் இல்லை. தமிழரசியும் மேல்படிப்புக்குப் போனபோது ஊரே முடிந்தது கதை என்று நினைத்திருக்கிறது. ஆனால் அவர் படித்தது குடும்ப மருத்துவம். படிப்பு முடிந்ததும் பெட்டியோடு இதே ஊரில் வந்து இறங்கினார். அன்றைக்குப் பாய் கடையில் யாரிடமும் டீக்குக் காசு வாங்கவில்லையாம்.

"என் வீட்டுக்காரம்மாவுக்குக் காலை எடுக்கணும்னு பட்டணத்துல சொல்லிட்டாங்க. இந்தப் புள்ளைதான் தினம் வீட்டுக்கு வந்து புண்ணைச் சுத்தம் பண்ணிச்சு. இன்னைக்கு என் வீட்டுல ரெண்டு காலோட நடக்குறா. கல்யாணம்னு ஆனா புருஷன் இருக்கிற ஊருக்கு மாத்தல் வாங்கிட்டுப் போயிடும். நாங்க என்னங்க பண்றது?"

உங்களுக்கு முன்னால் மூன்று பேர் விசாரிக்க வந்தார்கள் என்று ரமேஷ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மூன்று பேரையும் இவர்களே வழியனுப்பி வைத்திருக்கிறார்கள். எனக்கு வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. தண்ணீரைத் தேக்கி வைக்க வரப்பைக் கட்டுகிற மாதிரி ஒரு பெண்ணைச் சுற்றிப் பொய்யைக் கட்டியிருக்கிறார்கள். அவர்களை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவர்கள் செய்தது சரியில்லை. இரண்டையும் சுமந்துகொண்டு விடுதிக்கு வந்தேன்.

மறுநாள் கட்டு மாற்றப் போக வேண்டும். போகும் வழியெல்லாம் சொல்வதா வேண்டாமா என்று ஒத்திகை பார்த்தேன். கூட்டம் வடிந்த பிறகு டாக்டரே கட்டைப் பிரித்தார். நான் யார், எதற்கு வந்தேன், ஊர் என்ன சொன்னது, எனக்கு முன்னால் வந்தவர்களிடம் என்ன சொன்னது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் கை நின்றுவிட்டது. கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

"ஒவ்வொரு வரனும் தட்டிப் போகும்போது எங்கம்மா தோஷம்னு நெனச்சு அழுதாங்க. வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நடையா நடக்குறாங்க. முட்டி தேஞ்சு போச்சு, நான்தான் மாத்திரை குடுக்குறேன்." கையிலிருந்த பஞ்சைக் கிண்ணத்தில் போட்டார். "தோஷம் டீக்கடையில இருந்திருக்கு."

சிரிக்க முயன்றார், முடியவில்லை. நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அன்பினால்தான் செய்தார்கள், நீங்கள் போய்விடுவீர்கள் என்ற பயம் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் போயிடுவேன்னு இவங்களா முடிவு பண்ணிட்டாங்க. வெளிநாடு வரத் தயார்னு அம்மாவா எழுதிட்டாங்க. நீங்களும் கடல் தாண்டி வந்து ஊரெல்லாம் கேட்டிருக்கீங்க. என்னை ஒருத்தர் கேக்கலையேங்க."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. சரிம்மா, இப்போது கேட்கிறேன், சொல்லுங்கள் என்றேன்.

அவர் கட்டைப் போட்டுக்கொண்டே சொன்னார். பெற்றோர் வயல் வேலை செய்தவர்கள். பள்ளிக்கூடம், மருத்துவக் கல்லூரி, மேல்படிப்பு எல்லாமே அரசாங்கச் செலவு, மேல்படிப்பின்போது சம்பளமும் நிற்கவில்லை. திரும்பி வந்து வேலை பார்ப்பேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆனால் அந்தக் கையெழுத்துக்காக மட்டும் இங்கே இல்லை. இந்த வேலை அவருக்குப் பிடித்திருக்கிறது. ஒரு குடும்பத்தில் பாட்டியின் இருமலையும் பேத்தியின் இருமலையும் சேர்த்துப் பார்ப்பது பெரிய ஆஸ்பத்திரியில் கிடைக்காதாம். குறை இல்லாமல் இல்லை. குடியிருக்கக் கட்டிக் கொடுத்த வீடு மழைக்கு ஒழுகுகிறது. இரண்டாவது டாக்டருக்கான இடம் காலியாகவே இருக்கிறது, அது நிரம்பினால் தனக்கும் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடைக்கும் என்றார். படிக்க வைத்த அரசாங்கம் அதையும் செய்துவிட்டால் தன்னைப் போல இன்னும் பலர் தங்குவார்கள் என்பது அவர் கணக்கு.

"கல்யாணம் பண்ணிக்க ஆசை இருக்குங்க. ஆனா வர்றவர் இங்க வரணும். அப்படி ஒருத்தர் இருந்தா சொல்லுங்க, இல்லைன்னாலும் பரவால்லை."

மதியம் அவர் டீக்கடைக்கு வந்தார். நானும் பின்னால் நொண்டிக்கொண்டு போனேன். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். எதிர் வீட்டு வாசலில் மல்லிகா நின்றுகொண்டிருந்தார். டாக்டர் குரலை உயர்த்தவே இல்லை.

"பாய், இனிமே யாராவது கேட்டா உள்ளதைச் சொல்லுங்க. நான் போறதா இல்லை. போறதுன்னா உங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போவேன். என்னை நீங்க நம்பியிருக்கலாம்."

ஜமால் பாய் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மல்லிகா வாய்விட்டு அழுதார். டாக்டர் அவரிடம் போய், தூக்குவாளி ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள், நாளைக்கும் நிரப்பித்தான் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அங்கே நின்றே அக்காவைக் கூப்பிட்டேன். முந்தாநாள் சொன்னது அத்தனையும் பொய், பெண் தங்கம், ஆனால் அவள் வர மாட்டாள், நம் பையன்தான் இங்கே வர வேண்டும் என்றேன். நீ விசாரிக்கப் போனாயா, சீர்வரிசையாக என் பிள்ளையைக் கொடுக்கப் போனாயா என்று அக்கா கத்தினாள். பின்னால் சத்தம் கேட்டுக் குமரன் தொலைபேசியை வாங்கினான். வீட்டில் உட்கார்ந்து கணினியில் வேலை பார்க்கிறவன் அவன். நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். பொய் சொன்ன இடங்களில் சிரித்தான், தன்னை ஒருவரும் கேட்கவில்லை என்று டாக்டர் சொன்னதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"மாமா, அந்த ஊர்ல இன்டர்நெட் ஒழுங்கா வருமா?" என்றான்.

வருமா வராதா என்பதை அவனே வந்து பார்க்கட்டும், அதற்கு முன் அவளிடமே பேசட்டும் என்று, டாக்டரைக் கேட்டு, அவர் சம்மதத்தோடு எண்ணை அனுப்பினேன்.

கிளம்புகிற நாள் காலை பாய் கடையில் கடைசி வாடா. பாய் பழையபடி கலகலப்பாகிவிட்டார். மாப்பிள்ளைத் தம்பியின் பெயர் என்ன, எங்கே குடியிருக்கிறார், வீட்டுக்குக் கீழே கடை ஏதும் உண்டா, குடி, சிகரெட் எப்படி என்று டீ ஆற்றிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டார். ஊர் விட்டுப் போகிறவனிடம் பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். வாடாவுக்கு இந்தத் தடவையும் காசு வாங்கவில்லை.

பேருந்து பட்டுக்கோட்டையைத் தாண்டும்போது குமரன் கூப்பிட்டான். டாக்டரோடு இரண்டு தடவை பேசிவிட்டானாம். அதைச் சொல்லக் கூப்பிடவில்லை.

"மாமா, நம்ம அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கோப்பிக் கடையில ஒரு பாய் அரை மணி நேரமா உட்கார்ந்துக்கிட்டு இருக்காரு. நான் எப்படிப்பட்ட ஆளு, கோவப்படுவேனா, யார் வீட்டுலயாவது தண்ணி குடிப்பேனான்னு எல்லார்கிட்டயும் கேக்குறாராம். நான் போய் என்ன சொல்லணும்?"

"நீ ஒண்ணும் சொல்லாதே" என்றேன். "கடைக்காரர் உள்ளதைச் சொல்லட்டும்."